ஏரியில் ஒரு வெளிநாட்டு விருந்தாளி

கே: எங்கள் ஊர் ஏரியில் வலை போட்டபோது, உடம்பெல்லாம் கருப்பு வரியும் கரடுமுரடான தோலுமாக ஒரு மீன் சிக்கியது. பழைய மீன்காரர்களுக்கே தெரியவில்லை. புது இனம் என்றால் என் பெயரை வைப்பார்களா?
– வாசகர், செங்கல்பட்டு

ப: போஸ்டர் அடித்துவிடாதீர்கள்! வாய் அடிப்பக்கம் இருக்கிறதா? அப்படியானால் அது அநேகமாக மீன் தொட்டிக் கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன். சொந்த ஊர் தென் அமெரிக்கா. இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு காஸ்டெல்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1855-லேயே பெயர் வைத்துவிட்டார். நீங்கள் கொஞ்சம் லேட்.

கடல் தாண்டி நீந்தி வரவில்லை, வாளியில்தான் வந்திருக்கும். விரல் நீளத்தில் வாங்குகிறார்கள். ஒரு அடியைத் தாண்டி வளர்ந்து தொட்டி போதாதபோது, கொல்ல மனமில்லாத புண்ணியவான் ஏரியில் விட்டுவிடுகிறார். புண்ணியம் அவருக்கு, பாவம் ஏரிக்கு. எலும்புத் தகடு போர்த்த உடம்பு வலையைக் கிழிக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கும். முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும். அறுத்தால் சதையும் தேறாது. 2020-ல் வாரணாசியில் கங்கையிலேயே பிடிபட்டது. காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்பார்கள். இங்கே கருமமே காசிக்குப் போய்விட்டது.

தெளிவாகப் படமெடுத்து, இடமும் தேதியும் குறித்து மீன்வளத் துறைக்குக் கொடுங்கள். மீனை மட்டும் திரும்ப ஏரியில் விடாதீர்கள்.