கம்பி கட்டும் கலைஞர்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் தோட்டம் என்று ஒன்று கிடையாது. நம் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால், தம் பக்கம் வந்த நுனியில் அடுத்த வீட்டுக்காரர் காலண்டர் மாட்டிக்கொள்வார். வீடுகள் அவ்வளவு நெருக்கம். துளசிக்கும் கறிவேப்பிலைக்குமே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இடம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, தோட்டத்தில் வைக்கிற தேவதைகளைக் கம்பியில் முறுக்கி விற்றுப் பிழைப்பேன் என்று ஒருவர் கிளம்பினால், அவருக்கு இரண்டில் ஒன்று வாய்த்திருக்க வேண்டும்: மாதச் சம்பளம் வாங்கும் மனைவி, அல்லது பினாலே பார்த்த அனுபவம். பெரும்பாலும் இரண்டும் வாய்த்திருக்கும்.

கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி 12-12-2012 அன்று தொடங்கியது. அதுவரை நம்மவர் மிளகு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார். இல்லையென்றால் வயரிங் வேலை. அதுவும் இல்லையென்றால் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து அடுத்து என்ன என்று யோசனை. அது நடக்கும் ஆஸ்பின்வால் ஹவுஸுக்குள் ஒரு தடவை போய்வந்தார், அதோடு சரி. பிறகு வீட்டில் எதையும் யாரும் குப்பை என்று சொல்ல முடியவில்லை. 2016 பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா ஒரு கூடம் நிறையக் கடல்நீரைத் தேக்கி, பார்க்க வந்தவர்களை அதில் இறங்கி நடக்கவைத்தார். அந்த வருஷம் முதல், கடல் ஓதம் ஏறி உப்புத்தண்ணீர் படியேறி வீட்டுக்குள் வந்தால் நம்மவர் இறைக்க விடுவதில்லை. "கொஞ்சம் நில்லு, அதை உணரு" என்பார். மனைவி வாளியும் கையுமாக நின்று உணர்வார்.

கம்பிக்கு அவர் வந்து சேர்ந்தது கைப்பேசி வழியாக. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ராபின் வைட் என்று ஒரு சிற்பி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் தேவதைகள் செய்கிறார். டிரெண்டம் தோட்டத்தில் அந்தத் தேவதைகள் தங்களைவிடப் பெரிய டான்டிலியன் பூவைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டி நிற்கின்றன. அசந்துபோகிற வேலைதான். அதை ஒரு ராத்திரி பார்த்தவர் விடிவதற்குள் சிற்பியாகிவிட்டார். ஒரு சிற்பிக்கு முன்னோர் வேண்டுமே, அதற்கு அலெக்சாண்டர் கால்டர் கிடைத்தார். ஒரு குறடும் ஒரு சுருள் கம்பியும் வைத்துக்கொண்டு பாரிஸைக் கலக்கிய அமெரிக்கர். 1955-இல் அகமதாபாத்துக்கு வந்து, சாராபாய் குடும்பத்து விருந்தாளியாகத் தங்கி வேலை செய்தவர். இதை நம்மவர் சொல்லும் தோரணையைக் கேட்டால், கால்டர் அங்கிருந்து நேரே மட்டாஞ்சேரிக்கு வந்து, இவருடைய அப்பாவோடு ஒரு சுலைமானி டீ குடித்துவிட்டுப் போனார் என்றே தோன்றும். இன்னும் கொஞ்ச நாள் போனால் அதையும் சொல்லிவிடுவார்.

வேலை ஆக்ரிக் கடையில் தொடங்கும். பழைய இரும்புக்கு இங்கே ஆக்ரி என்றுதான் பெயர். "எத்தனை கேஜ் சேட்டா?" என்று கடைப் பையன் கேட்பான். கேஜ் கணக்கு வினோதமானது, எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பத்தாம் கேஜ் மூன்றேகால் மில்லிமீட்டர். இருபதாம் கேஜ் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. எலும்புக்குப் பத்து, தசைக்குப் பதினாறு, தலைமுடிக்கு இருபது. முதல் தேவதைக்கு நம்மவர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இருபதாம் கேஜில் எலும்பு போட்டார். இறக்கையை ஏற்றியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. அசரவில்லை மனிதர். 'உழைக்கும் பெண்' என்று அட்டையில் எழுதிக் காலடியில் வைத்துவிட்டார்.

ஆனால் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற நேரமும் அவருக்கு உண்டு. தேவதைக்குக் கை செய்யும்போது பார்க்க வேண்டும். ஐந்து துண்டுக் கம்பியை மணிக்கட்டில் சேர்த்து முறுக்கி, ஒவ்வொன்றையும் விரல் நீளத்துக்கு விட்டு, நுனியை மடக்கித் திருப்பி, அதன்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிக்கொண்டே வருவார். மூட்டு வரும் இடத்தில் இரண்டு சுற்று கூடுதல். கட்டை விரலை மட்டும் கடைசியில்தான் வளைப்பார். அது வளைந்ததும், அதுவரை வெறும் கம்பிக் கொத்தாக இருந்தது எதையோ வாங்க நீட்டிய கையாகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இன்னும் கவனம். வளைக்க வளைக்க அது இறுகும்; ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். ஒற்றைக் கால் பெருவிரலில் நிற்கிற தேவதையின் ரகசியம் என்னவென்றால், காலுக்குள் ஓடும் கம்பி பாதத்தைத் தாண்டி ஒரு சாண் கீழே இறங்கி, கல்லில் துளைத்த குழிக்குள் எம்-சீலில் இறுகியிருக்கும். நறுக்கிய துண்டு கண்ணில் தெறிக்குமே, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று மனைவி சொன்னால் மூக்கை உறுத்துகிறது என்பார். பேட்டி எடுக்க யாராவது வந்தால் உறுத்தாது.

சிக்கல் ஆரம்பிப்பது தேவதை முடிந்த பிறகுதான். விரித்த தலைமுடி, ஒடுங்கிய இடுப்பு, தரையில் பாவாத கால். கேரளத்தில் இப்படி ஒருத்தியைத் தேவதை என்றால் யார் நம்புவார்கள்? யட்சி என்றுதான் சொல்வார்கள். மலம்புழா அணைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த முப்பதடி யட்சி உட்கார்ந்திருக்கிறாள்; துணி இல்லையே என்று கூச்சல் கிளம்பியும் அவள் எழுந்து போகவில்லை. இந்த நாட்டில் தோட்டத்துக்கு ஒரு பெண் என்றால் அவள்தான். எதிர்வீட்டு உம்மும்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மோனே, இவள் யட்சிபோல ராத்திரியில் சுண்ணாம்பு கேட்டு வரமாட்டாளே?" என்றார். நம்மவர் தயாராக இருந்தார். "மந்திரவாதி கடமற்றத்துக் கத்தனார் யட்சி மண்டையில் ஒரே ஓர் இரும்பாணி அடித்துத்தானே அடக்கினார்? இவளுக்கு உடம்பு முழுக்க இரும்பு, உம்மும்மா. நாலு கிலோ." உம்மும்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. தம் மாடிக்கும் ஒன்று வேண்டும் என்றார், காக்காய் விரட்ட.

காக்காய் பயப்படவில்லை. அவர் நறுக்கிப் போட்ட துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் மாமரத்தில் கூடு கட்டியது. நம்மவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பின்னல் நம்மைவிட நல்லா விழுந்திருக்கு" என்று ஒப்புக்கொண்டார். வேறு எந்தக் கலைஞரையும் அவர் பாராட்டி யாரும் கேட்டதில்லை. பினாலேக்கு அழைப்பு வந்தவர்களை நிச்சயமாக இல்லை.

வாங்குகிறவர்கள் ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டேக்காரர்கள். அவர்களிடம் முற்றம் இருக்கிறது, முற்றத்தில் நின்று செல்ஃபி எடுக்க ஆளும் இருக்கிறது. விலை கேட்டால் நம்மவர் விலை சொல்ல மாட்டார், காட்டிங்லி கதை சொல்வார். 1917-இல் இங்கிலாந்தில் இரண்டு பெண்பிள்ளைகள் காகிதத்தில் தேவதைகளை வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திப் புகைப்படம் எடுத்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அதை நம்பிக் கட்டுரை எழுதியது. பாட்டிகளான பிறகு, 1983-இல், அது காகிதம்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது. "அவ்வளவு பெரிய துப்பறிகிற மூளை காகிதத்துக்கே மயங்கியிருக்கு, நீங்க கம்பிக்கு யோசிக்கிறீங்களே." வந்தவர் மயங்குவார். ஆனால் அவருக்கும் நிபந்தனைகள் உண்டு. குடும்பங்கள் வந்து தங்குகிற இடம், ஒரு சேலை சுற்றித் தர முடியுமா? நீட்டிய கையில் வைஃபை பாஸ்வேர்டு மாட்ட ஒரு கொக்கி? நம்மவர் கலையின் கற்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு, சேலைக்குக் கம்பி தனிக்கணக்கு என்பார்.

ஜூன் வந்தால் அத்தனைக்கும் விடை கிடைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்று ஒரு ரகம், மாலிப்டினம் கலந்த 316 என்று ஒரு ரகம்; கடலோரத்து உப்புக்காற்றுக்குப் பின்னதுதான் தாங்கும். அதன் விலையைக் கேட்டு நம்மவர் ஜி.ஐ. கம்பிக்கு இறங்கியிருப்பார், கை இன்னும் கடித்தால் கட்டட வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பி. வெள்ளிபோல் போனவள் ஒரே மழைக்காலத்தில் செம்பட்டையாகி, கடப்பைக்கல் தரையெல்லாம் கறை. ஹோம்ஸ்டேக்காரர் போனில் கத்துவார். "துரு இல்லை சார், இயற்கையோடு ஓர் உரையாடல்" என்பார் இவர்.

உரையாடல் முற்றிப்போன தேவதைகள் ஆக்ரிக் கடைக்கே எடைக்குத் திரும்பும். சில, அங்கிருந்து ஜூ டவுன் பழம்பொருள் கடைகளின் வாசலுக்கு நகரும். 1568-இல் கட்டிய பரதேசி சினகாக் என்னும் யூதக் கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற பயணிகளுக்கு அந்தத் தெருவில் எதுவும் புதிதாகத் தெரியாது. போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனையை டச்சுக்காரர் பழுதுபார்த்து, அதுவே டச்சு அரண்மனையாகிவிட்ட ஊர் இது. துருவுக்கு வயது போடுவதா கடினம்? போன சீசனில் அப்படி ஒருத்தி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம், "டச்சுக்காரர் காலத்துச் சரக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி வாங்கப் போய்க்கொண்டிருந்த நம்மவர் நின்றுவிட்டார். தாம் முறுக்கிய கட்டை விரல் தமக்குத் தெரியாதா? கடைக்காரருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. நம்மவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, தேவதையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உடம்பு வேணும்னா டச்சு. இறக்கை போர்ச்சுகீசு."