சுருட்டு, காசு, கணக்கப்பிள்ளை: பழஞ்சொல் கேள்வி – பதில்

எரியோடு வாசகர்: ஆங்கிலேயர் மறந்துவிட்ட ஆங்கிலச் சொல் எதுவும் நம் பக்கத்தில் புழங்குகிறதா?

பதில்: நாள்தோறும் காலையில் இட்லிக் கொப்பரையின் ஆவியோடு எழுந்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கொச்சை வழக்கில் ‘டிஃப்’ என்பது மதுவில் ஒரு மிடறையும், ‘டிஃபிங்’ என்பது வேளை கெட்ட நேரத்தில் தின்பதையும் குடிப்பதையும் குறித்தன. பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியிலும் இவ்வழக்கு இடம்பெற்றுள்ளது. அங்கே அது வழக்கொழிய, இங்கிருந்த வெள்ளையரின் நண்பகல் சிற்றுணவுக்குப் பெயராகி, பின்னர் சோறு நீங்கலாக இட்லி, தோசை, பொங்கல் அனைத்தையும் தன்னுள் அடக்கி, ‘டிபன்’ முழுத் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. “சாப்பாடா, டிபனா?” என்று வேடசந்தூர் ஓட்டலில் கேட்டால் குழந்தைக்கும் விளங்கும், இலண்டன்வாசி விழிப்பார்.

வேடசந்தூர் வாசகர்: ‘செரூட்’ என்பது நம் சுருட்டுதானா?

பதில்: ஐயமின்றி நம் சுருட்டுதான். சுருட்டுவதால் சுருட்டு என வினையே பெயராக நிற்கும் இச்சொல், 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் எழுத்தில் ஏறிவிட்டது. ஒரு முனை மூடியிருக்க, புகைப்பவர் அதை நறுக்கிப் பற்றவைப்பது சிகார். இரு முனையும் வெட்டுப்பட்டுத் திறந்தே இருப்பது செரூட். சென்னை மாகாணத்தில் பணியாற்றி, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல், ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி 1886இல் அச்சேறியபோது இச்சொல்லுக்கும் அதில் இடம் கிடைத்தது; 1882இலேயே மறைந்த பர்னெல் அந்நூலைக் கையில் ஏந்தவில்லை என்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

செரூட்டுக்கு ‘டிரிச்சினாபொலி’ என்றே இன்னொரு பெயரும் வழங்கிற்று. கோனன் டாயில் 1887இல் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது டிரிச்சினாபொலி என்று கண்டுகொள்கிறார். அந்தப் பெயர் திருச்சிக்குப் போயிற்றே தவிர, இலை விளைந்தது திண்டுக்கல் சீமையின் மண்ணில். 1948இல் சிகார், சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில் அமைந்ததற்கும் அந்த மண்ணே காரணம். ஹோம்ஸின் பூதக்கண்ணாடி இன்னும் சற்றுக் கூர்மையாக இருந்திருந்தால் திண்டுக்கல் என்றே சொல்லியிருக்கும்!

வடமதுரை வாசகர்: ஆங்கிலக் ‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்ததா?

பதில்: வந்தது, வரவில்லை என்னும் இரண்டு விடைகளும் சரியே, ஏனெனில், ஒரே எழுத்தில் இரண்டு ‘கேஷ்’கள் உண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் இன்றைய ‘கேஷ்’, பணப்பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. சிறு நாணயத்தைக் குறித்த பழைய ‘கேஷ்’தான் நம் காசு. பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் அடிப்படை நாணயமானதும் இந்தக் கேஷ் மெல்ல மறைந்தது, “காசு இருக்கிறதா?” என்னும் கேள்வி மட்டும் மறையவேயில்லை.

பாளையம் வாசகர்: ‘கானிகோபொலி’ என்றால் என்ன? ஏதேனும் ஊரா?

பதில்: ஊரன்று, ஆள், கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை. வெள்ளையர் நாவில் திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் ‘பொலி’, கணக்கப்பிள்ளையின் பிள்ளையும் ‘பொலி’, பாளையக்காரரோ ‘பொலிகர்’. பள்ளி, பிள்ளை, பாளையம் என மூன்று தனித்தனிச் சொற்கள் ஓரோசைக்குள் சுருண்டுபோயின. 1801இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால் நாயக்கரும் ஆங்கிலேயரின் ஏடுகளில் ஒரு பொலிகரே. வாசகரின் ஊர்ப்பெயரோ அந்தப் பாளையத்தை எழுத்துக் குறையாமல் வைத்திருக்கிறது.