வாக்காளரின் களைப்பை அறிந்தவர்கள்

கலிஃபோர்னியாவில் யாரும் பாராட்டு விழா எடுக்காத ஒரு தொழில் இருக்கிறது. தேர்தல் நெருங்கும்போது வீட்டுத் தபால்பெட்டியில் வந்து விழும் பரிந்துரை அட்டைகளைத் தயாரிக்கும் தொழில் அது. யாருக்கு ஓட்டு, எந்த நீதிபதியை வைத்துக்கொள்வது, எந்த முன்மொழிவுக்கு ‘ஆம்’, எதற்கு ‘இல்லை’ என்று ஒரே அட்டையில் வரிசையாக அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சாவடிக்கு எடுத்துப்போய்ப் பார்த்துப் பார்த்துக் குத்த வேண்டியதுதான். இந்த அட்டைக்காரர்களையும் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் பிரசார ஆலோசகர்களையும் நான் இங்கே புகழப்போகிறேன். இந்தப் புகழில் மிகை எதுவும் இல்லை. அவர்கள் செய்து காட்டியதை மட்டுமே சொல்கிறேன்.

முதலில் அவர்களுடைய கருணை. வாக்காளரின் களைப்பை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. 2016 நவம்பரில் அந்த மாநில வாக்குச்சீட்டில் 17 முன்மொழிவுகள் இருந்தன. கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும் மக்களே சட்டமாக்கலாம், அல்லது தள்ளிவிடலாம். அவற்றை விளக்கி மாநில அரசு வீடு வீடாக அனுப்பிய கையேடு 224 பக்கம். நல்ல கையேடு அது. செலவு எவ்வளவு ஆகும் என்று சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளர் எழுதியிருப்பார். இரு தரப்பு வாதங்களும், சட்டத்தின் முழு வாசகமும் இருக்கும். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிற பெண்ணால் அதைப் படிக்க முடியுமா? முடியாது என்பது அரசுக்குத் தெரியவில்லை. ஆலோசகர்களுக்குத் தெரிந்திருந்தது. 224 பக்கத்தை ஓர் அட்டையாகச் சுருக்கி அவள் வாசலிலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

மக்களே சட்டம் போடும் இந்த உரிமை எப்படி வந்தது என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்ன் பசிஃபிக் ரயில் நிறுவனம் அந்த மாநில அரசியலைத் தன் பைக்குள் வைத்திருந்தது. அதை எதிர்த்து ஜெயித்த ஆளுநர் ஹைரம் ஜான்சன், 1911-இல் மக்களே சட்டம் கொண்டுவரும் உரிமையையும், சட்டமன்றம் போட்ட சட்டத்தை ரத்து செய்யும் உரிமையையும், பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் உரிமையையும் வாங்கிக் கொடுத்தார். பெரும் பணத்தின் பிடியிலிருந்து ஏழை எளியவரைக் காப்பாற்றத் திறந்த கதவு அது. ரயில் நிறுவனத்துக்கு அந்தக் கதவு வழியாக உள்ளே வரத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. 2024-இல் ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்ற 5,46,651 கையெழுத்து வேண்டியிருந்தது, அரசியல் சாசனத்தையே திருத்த 8,74,641. கூலிக்கு ஆள் வைத்தால் இந்தக் கையெழுத்துகள் சில மாதத்தில் சேர்ந்துவிடும். பணம் இருப்பவருக்கு இது தடையே இல்லை என்று காட்டியவர்கள் இந்த ஆலோசகர்கள்தாம்.

2016-இல் பிளாஸ்டிக் பை உற்பத்தியாளர்களுக்கு அவர்கள் செய்து கொடுத்த வேலை பாடப் புத்தகத்தில் இடம்பெறத் தக்கது. மளிகைக் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குத் தடை விதித்து மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டிருந்தது. பை உற்பத்தியாளர்கள் கையெழுத்துத் திரட்டி அந்தச் சட்டத்தையே வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். அது 67-ஆம் முன்மொழிவு. அதில் ‘ஆம்’ என்றால் தடை இருக்கும், ‘இல்லை’ என்றால் தடை போய்விடும். கூடவே 65-ஆம் முன்மொழிவு என்று இன்னொன்றையும் அவர்களே கொண்டுவந்தார்கள். மாற்றுப் பைகளுக்குக் கடைக்காரர் வாங்கும் காசு கடைக்குப் போகாமல் காட்டுயிர்ப் பாதுகாப்பு நிதிக்குப் போகட்டும் என்றது அது. பிளாஸ்டிக் பை விற்பவர்கள் காட்டு விலங்குகளுக்காகக் கையேந்தினார்கள். அட்டையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் படிப்பவர் எதற்கு ‘ஆம்’ சொல்வார்? அவ்வளவு யோசித்திருந்தும் மக்கள் தடையை வைத்துக்கொண்டு 65-ஐத் தள்ளிவிட்டார்கள். அந்தத் தடவை உழைப்புக்குப் பலன் கிடைக்காமல் போனது.

அடுத்தது நேர்மை. பல இடங்களிலிருந்து பணம் வாங்கி ஒரே அட்டையில் பல பெயர்களை அடுக்கும் இந்த அட்டைகளுக்குக் கலிஃபோர்னியாவில் தனிச் சட்டமே உண்டு. காசு கொடுத்து இடம் பிடித்த வேட்பாளர் பெயருக்கும் முன்மொழிவுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும். இது எந்தக் கட்சியின் அதிகாரபூர்வ அறிக்கையும் அன்று என்ற அறிவிப்பும் வேண்டும். அவர்கள் போடுகிறார்கள். ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட மாட்டார்கள். அட்டையின் தலைப்பில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களுக்கு என்றோ, ஆசிரியர்களுக்கு, தீயணைப்பு வீரர்களுக்கு என்றோ பெரிதாக இருக்கும். கட்சியின் அதிபர் வேட்பாளர் பெயர் முதலில் இருக்கும். அவர் பைசா கொடுத்திருக்க மாட்டார், அவர் பக்கத்தில் நட்சத்திரமும் இருக்காது. அவருக்குக் கீழே, அவருடைய நிழலிலேயே, நட்சத்திரம் சூடிய முன்மொழிவுகள் வரும். நட்சத்திரத்துக்கு என்ன பொருள் என்று கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியும் இருக்கும். சட்டம் கேட்டதை அவர்கள் ஓர் எழுத்துக் குறையாமல் செய்கிறார்கள். அந்த இரவு பத்து மணிப் பெண் கடைசி வரிவரை வருவாளா என்று சட்டம் கேட்கவில்லை.

2020-இல் இந்தக் கலை அதன் உச்சத்தைத் தொட்டது. ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய நிறுவனங்கள் 22-ஆம் முன்மொழிவைக் கொண்டுவந்தன. தங்கள் ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாகக் கருத வேண்டும் என்ற மாநிலச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டன. 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. எதிர்த்து நின்ற தொழிற்சங்கங்களால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திரட்ட முடிந்தது. இடதுசாரி வாக்காளரை எப்படித் திருப்புவது? அவருக்கு யாரிடம் பிரியம் என்று பார்த்தார்கள். செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் தேர்தல் முழக்கமான ‘ஃபீல் த பெர்ன்’ என்பதையே தலைப்பாக வைத்து, முற்போக்கு வாக்காளர் கையேடு என்று ஓர் அட்டை போனது. அதில் 22-க்கு ‘ஆம்’. சாண்டர்ஸோ அதை வெளிப்படையாக எதிர்த்தவர். ஒருவர் வாழ்நாள் முழுதும் தொழிலாளர் பக்கம் நின்று சேர்த்த நம்பிக்கையை, அவரைக் கேட்காமலேயே, தொழிலாளருக்கு எதிராகச் செலவழிக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களை வேறு எப்படிப் பாராட்டுவது? எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் உள்ளே இருந்த வேலைப்பாட்டையும் சொல்ல வேண்டும். குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் உறுதி என்றார்கள். சவாரியை ஏற்றுக்கொண்ட நேரத்திலிருந்து இறக்கிவிடும் நேரம்வரைதான் அந்தக் கணக்கு. அடுத்த அழைப்புக்காகச் சாலையோரம் காத்துக் கிடக்கும் நேரம் அதில் வராது. பின்னால் சட்டமன்றம் இதைத் திருத்த நினைத்தால் இரு அவைகளிலும் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும். எட்டில் ஏழு! அமெரிக்க அரசியல் சாசனத்தைத் திருத்தக்கூட நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு போதும். 22-ஆம் முன்மொழிவு சுமார் 59 சதவீத ஓட்டில் ஜெயித்து, 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது. அட்டையில் இந்த எட்டில் ஏழுக்கு இடம் போதவில்லை.

நீதிபதிகள் விஷயத்தில் ஆலோசகர்களின் சேவை இன்னும் பெரிது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். மாவட்ட நீதிபதிப் பதவிக்கு நிற்பவரின் பெயரை அவர்களில் யார் கேள்விப்பட்டிருப்பார்? தொலைக்காட்சி விளம்பரத்துக்கு நீதிபதி எங்கே போவார்? அதனால் அவருக்கு இருக்கும் பெரிய வழி அட்டையில் இடம் வாங்குவதுதான். நாளைக்கு ஒருவரின் சிறையையும் விடுதலையையும் தீர்மானிக்கப்போகிறவர், இன்றைக்கு விலை கேட்டு, விலை கொடுத்து, நட்சத்திரம் சூடிக்கொள்கிறார். வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே தொழிலைச் சொல்ல மூன்று சொல் அனுமதி. அந்த மூன்று சொல்லில் ‘ரவுடிக் கொலை வழக்கறிஞர்’ என்கிற மாதிரி எழுதிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாக வேலை செய்தது. 2017-இல் சட்டம் இறுக்கும்வரை நடந்தது.

2006 ஜூனில் அந்த மாவட்டத்தில் ஜின்ட்ரா ஜனாவ்ஸ் என்ற நீதிபதி தோற்றார். இருபது ஆண்டு பணியில் இருந்தவர். வழக்கறிஞர் சங்கம் மிக உயர்ந்த தகுதி கொடுத்திருந்தது. ஜெயித்தவருக்கு அதே சங்கம் கொடுத்த மதிப்பீடு ‘தகுதியில்லை’. வழக்கறிஞராக இருந்தாலும் அப்போது அவர் ரொட்டிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். ஜனாவ்ஸ் லாட்வியாவில் பிறந்தவர். அந்நியமாக ஒலித்த பெயர்தான் அவரைத் தோற்கடித்தது என்று அந்த வட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் கொஞ்ச நாளிலேயே அவரைத் திரும்ப நியமித்தார். வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீடு யாரும் காசு கொடுக்காமல் கிடைத்த பரிந்துரை. அட்டையில் அதற்கு இடம் கிடைக்காததில் வியப்பில்லை.

மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வேறு முறை. ஆளுநர் நியமித்த நீதிபதி தொடரலாமா கூடாதா என்று மட்டும் மக்கள் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒருவரையும் மக்கள் இறக்கியிருக்கவில்லை. 1986 நவம்பரில் ஒரே நாளில் மூவர் போனார்கள்: தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், க்ரூஸ் ரெய்னோசோ, ஜோசப் க்ரோடின். மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி பேர்ட். தம்மிடம் வந்த 61 மரண தண்டனைகளையும் ரத்து செய்யவே வாக்களித்தவர். அவர்மேல் பண்ணை முதலாளிகளுக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 1975-இல் அமைச்சராக இருந்தபோது பண்ணைத் தொழிலாளர் சங்க உரிமைச் சட்டத்தை உருவாக்க உழைத்தவர். அந்தக் கணக்கை விளம்பரத்தில் எழுதினால் யார் ஓட்டுப் போடுவார்? விளம்பரங்களில் கொலையுண்டவர்களின் குடும்பத்தார் வந்து அழுதார்கள். அந்தக் கண்ணீர் உண்மை. அதைப் பிடித்த கைக்குப் பின்னால் யார் யார் நின்றார்கள் என்பதுதான் திரையில் வரவில்லை. வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அவரைப் போகச் சொன்னார்கள்.

வேட்பாளர் தேர்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 செனட் முதற்சுற்றில் ஆடம் ஷிஃப்பின் குழு, குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கார்வி இந்த மாநிலத்துக்குப் பொருந்தாத பழமைவாதி என்று ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. கார்வியின் கட்சிக்காரர்களுக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடைத்திருக்காது. அவர் இரண்டாமிடம் வந்து இறுதிச் சுற்றுக்குப் போனார். ஷிஃப்புக்குச் சிக்கலாக இருந்திருக்கக்கூடிய சொந்தக் கட்சியின் கேட்டி போர்ட்டர் வெளியேறினார். திட்டுவதும் ஒரு பரிந்துரையாக முடியும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

அதே ஆண்டின் 34-ஆம் முன்மொழிவு தையல்காரரின் அளவெடுப்பு. மருந்து விற்று வரும் வருமானத்தில் 98 சதவீதத்தை நோயாளிகளுக்கே செலவழிக்க வேண்டும் என்றது. கேட்டதும் மனம் குளிர்கிறது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. பத்து ஆண்டில் 10 கோடி டாலருக்கு மேல் வேறு காரியங்களுக்குச் செலவழித்து, 500-க்கு மேல் கடுமையான விதிமீறல் பதிவான குடியிருப்புகளையும் நடத்தும் மருத்துவ அமைப்புக்கு மட்டும்தான். அந்த அளவு பொருந்தியது ஒரே அமைப்புக்கு: எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன். வாடகைக் கட்டுப்பாட்டுக்காக 2018, 2020, 2024 என்று மூன்று முறை முன்மொழிவு கொண்டுவந்து தோற்ற அமைப்பு அது. 34-க்குப் பணம் போட்டது அடுக்குமாடி உரிமையாளர் சங்கம். பெயர் ‘நோயாளிகளைக் காப்போம்’. வாடகை உயரக்கூடாது என்று நினைத்த எத்தனை வாடகைதாரர்கள், நோயாளிகளை நினைத்து இரக்கப்பட்டு, தங்களுக்காகப் பேசிய ஒரே பணப்பையை மூட ‘ஆம்’ போட்டிருப்பார்கள்? அந்த அமைப்பின் குடியிருப்புகள் மோசமாக இருந்தன என்பதும் உண்மைதான். அதற்கு வீட்டு வசதிச் சட்டம் இருக்கிறது. 34 மயிரிழையில் ஜெயித்தது.

பணம் எப்போதும் ஜெயித்துவிடும் என்று சொல்லமாட்டேன். 2010-இல் பிஜி அண்டு இ மின் நிறுவனம், தன் சந்தைக்குள் உள்ளாட்சிகள் மின்சாரம் விற்க வராதபடி தடுக்கும் முன்மொழிவு ஒன்றுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் செலவழித்தது. ‘வரி செலுத்துவோரின் வாக்குரிமை’ என்று பெயரும் வைத்தது. எதிர்த்தவர்களிடம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அது தோற்றது. 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் திறந்துவிடும் 27-ஆம் முன்மொழிவு வீடற்றோருக்குத் தீர்வு என்று வந்தது. பத்தில் எட்டுப் பேர் ‘இல்லை’ என்றார்கள். அதற்குப் பணம் போட்டவர்கள் சூதாட்ட நிறுவனங்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

காசு யாருடையது என்று தெரிந்தால் போதும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது 1988. அந்த ஆண்டு வாகனக் காப்பீடு பற்றி மட்டும் ஐந்து முன்மொழிவுகள். ஒன்றோடொன்று மோதும் சட்டங்கள். வழக்கறிஞருக்கே தலை சுற்றும். காப்பீட்டு நிறுவனங்கள் 6 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. ஜெயித்தது 103 மட்டும், நுகர்வோர் பக்கம் நின்றது, நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் பரிந்துரைத்தது. அந்தத் தேர்தலை ஆராய்ந்த அரசியல் அறிஞர் ஆர்தர் லூபியா கண்டது இது: சட்டத்தைப் படிக்காவிட்டாலும் காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று மட்டும் தெரிந்தவர்கள், எல்லாம் படித்துத் தேர்ந்தவர்களைப் போலவே ஓட்டுப் போட்டார்கள்.

ஆலோசகப் பெருமக்களே, இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் உங்கள் திறமையெல்லாம் அந்த ஒரு தகவலை எங்கே வைப்பது என்பதில் குவிந்திருக்கிறது. களைத்தவருக்கு 224 பக்கம் வேண்டாம். ஓர் அட்டை போதும் என்று நீங்கள் கண்டது மெத்தச் சரி. அந்த அட்டையில் ஒவ்வொரு ‘ஆம்’ பக்கத்திலும், அந்த ‘ஆம்’ எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், காசு கொடுத்தவர் பெயரை எழுதுங்கள். நட்சத்திரம் வேண்டாம், பெயர்.