‘வந்துடுச்சா?’: திரைக்கோளாறு குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

டிவியில் படம் கெடுவதைப் பற்றித் தமிழில் இலக்கண நூல் இல்லை. கலைச்சொற்களுக்குக் குறைவில்லை. ‘ஈ மொய்க்குது’, ‘கோடு கோடா ஓடுது’, ‘ரெட்டை ரெட்டையா தெரியுது’ என்று அந்தக் காலத்து வீடுகளில் சொன்ன மூன்றும் மூன்று தனி நோய்களின் பெயர்கள். ஈ மொய்த்தால் அலைக்கு வலுவில்லை. கோடு ஓடினால் அருகில் எங்கோ மோட்டாரில் பொறி பறக்கிறது. ரெட்டையாகத் தெரிந்தால், அலை நேராக ஒருமுறையும் ஏதோ கட்டடத்தில் முட்டிக்கொண்டு மறுமுறையும் வந்து சேர்கிறது.

மூன்றாவது நோய் கணக்கில் பிடிபடும். அன்றைய 625 கோட்டுப் படத்தில் ஒரு கோட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை வரைய 52 மைக்ரோ விநாடி. 20 அங்குலப் பெட்டியின் திரை அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். ஆக, செய்தி வாசிப்பவரின் நிழல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றால், அலை ஏறக்குறைய 390 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது. ஊரில் எந்தக் கல்யாண மண்டபம் குற்றவாளி என்பதை ஸ்கேல் வைத்தே ஊகிக்கலாம். பத்தாம் வகுப்பில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். டிவியில் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சி முடிவதற்குள் அப்பா ஸ்கேலைப் பிடுங்கிவிட்டார்.

சிகிச்சைக்கு வருவோம். ஜப்பானில் உடாவும் யாகியும் 1926 வாக்கில் உருவாக்கிய ஏரியல், 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு நம் மொட்டை மாடிகளுக்கு ஏறியது. திசை பார்த்துத் திருப்பினால் நன்றாக வாங்கும் என்பது அதன் தத்துவம். அந்த அறிஞர்கள் கணக்கில் எடுக்காதது மாடிப்படி. மேலே அப்பா குழாயைத் திருப்புவார். ஹாலில் அம்மா திரையைப் பார்ப்பார். படியில் நான் தபால்காரன். ‘வந்துடுச்சா?’ கீழே இறங்கும், ‘வந்துடுச்சு!’ மேலே ஏறும். பதில் போய்ச் சேர்வதற்குள் அப்பா இன்னும் கால் சுற்று திருப்பியிருப்பார். ‘போயிடுச்சு!’ அதனால்தான் நம் ஏரியல்கள் எல்லாமே சரியான திசைக்குச் சற்றே அப்பால் பார்த்துக்கொண்டு நின்றன என்பது என் கருதுகோள்.

அடுத்தது தட்டல் வைத்தியம். இதைக் கேலி செய்பவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்காதவர்கள். சூட்டில் விரிந்து சுருங்கிய ஈயப்பற்றில் மயிரிழை வெடிப்பு விழும். மெக்கானிக் அதை ‘டிரை சோல்டர்’ என்பார். பக்கவாட்டில் ஓர் அறை, வெடிப்பின் இரு கரைகளும் தொட்டுக்கொள்ளும், படம் வந்துவிடும். எங்கள் மாமாவுக்கு அறைய வேண்டிய இடம் அங்குலச் சுத்தமாகத் தெரியும். அவர் ஊருக்குப் போன வாரங்களில் நாங்கள் ரேடியோ கேட்டோம்.

இன்றைய ஹோம் தியேட்டர் டிவிக்குப் பக்கவாட்டே கிடையாது. அதைவிடப் பெரிய இழப்பு, நோய்க்குறிகள் மறைந்ததுதான். டிஜிட்டல் படம் ஓர் எல்லை வரை சேதத்தைத் தானே திருத்திக்கொண்டு, அதைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடையும், அல்லது ஒரேயடியாகக் கறுத்துவிடும். ஈ இல்லை, கோடு இல்லை, நிழலும் இல்லை. நோயாளி வாய் திறக்காமல் மயங்கி விழுகிறார்.

எங்கள் வீட்டு நோயாளி காலை எட்டு மணிக்கு மட்டும் மயங்குவார். இரண்டு விநாடி கறுப்பு, பிறகு படம். செட்டாப் பாக்ஸை மாற்றினேன், ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகித்தேன், ஸ்டெபிலைசர் வாங்கினேன். “எட்டு மணிக்கு நான் சட்னி அரைக்கிறேன்டா” என்று அம்மா சொன்னதை மூன்று வாரம் ஆய்வுக்கு ஏற்கவில்லை.

மிக்ஸி மோட்டாரின் கார்பன் உரசும் இடத்தில் பொறி பறக்கும். அந்த இரைச்சல் கரண்ட் வயரிலேயே ஓடும். என் பத்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளோ, காசை மிச்சம் பிடிக்க, சுவருக்குள் அதே குழாயில் கரண்ட் வயரோடு கட்டிப்பிடித்துக் கிடந்தது. 4கே படத்துக்கு விநாடிக்கு 18 கிகாபிட் வரை சுமக்க வேண்டிய மலிவுக் கேபிள், அந்த நீளத்தில் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

உறுதிசெய்ய ஒரு சோதனை வைத்தோம். சமையலறையில் அம்மா, ஹாலில் நான். மிக்ஸி உறுமியது.

“போயிடுச்சாடா?”

“போயிடுச்சும்மா!” எங்கள் குடும்ப வரலாற்றில் அந்தச் சொல்லை யாரும் மகிழ்ச்சியோடு கத்தியது அதுவே முதல் முறை. ஆய்வு முறைப்படி பதினோரு தடவை திரும்பச் செய்தோம். கேபிளைப் பிரித்துத் தரையோரமாக இழுத்த பின் பன்னிரண்டாவது தடவை, படம் அசையவில்லை. அதற்குள் சட்னி பாயசப் பதத்துக்கு வந்திருந்தது.