பிந்தி வந்தவர் பேரில் ஒரு ஊர்

ஏலே, உன் கையில கெடக்குற கடியாரம் மணிக்கொரு தரம் "எந்திரி"ங்குது. சித்த நேரம் கழிச்சு "மூச்ச இழுத்து விடு"ங்குது. கர்த்தர் மண்ணப் பிசைஞ்சு மனுசன உண்டாக்கி மூக்குல ஊதினப்பம், பின்னால ஞாபகப்படுத்த ஒரு ஆளு வேணுமேன்னு நெனைக்காம விட்டுட்டாரு போலுக்கு. அந்தக் கொறைய நீ மாசத் தவணையில தீத்துட்ட. நல்லது. நானும் எங்க ஊரு வேதக்கோயில்ல மணியடிச்சே கெழவனானவன். நேரத்தப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

சனிக்கிழம வாலிபர் கூட்டத்துல "வேதத்தின்படி காலம் என்றால் என்ன"ன்னு பேசணும், ரெண்டு வரியில சொல்லுங்க தாத்தாங்குத. ரெண்டு வரியில! சரி, நீ ஷூவ மாட்டு, நான் வெத்தலைய மடிக்கேன். சொல்லுததுல ரெண்டு வரி எங்கன இருக்குன்னு நீயே பொறுக்கிக்கோ.

ஆயிரத்தறுநூறு வருசத்துக்கு முந்தி வட ஆப்பிரிக்காவுல அகுஸ்தீன்னு ஒரு பிஷப்பு இருந்தாவ. வானத்தையும் பூமியையும் படைக்குததுக்கு முந்தி கடவுள் என்ன செஞ்சுக்கிட்டிருந்தாருன்னு நோண்டுத ஆளுக அப்பமும் உண்டு. இப்படி நோண்டுதவனுக்குன்னு நரகம் கட்டிக்கிட்டிருந்தாருன்னு எவனோ ஒருத்தன் பதில் சொன்னதா அகுஸ்தீன் எழுதி வச்சிருக்காவ. நான் அப்படிச் சொல்லமாட்டேன்னும் கூடவே எழுதியிருக்காவ. பெரிய மனுசன். நானாருந்தா அதத்தான் சொல்லியிருப்பேன். அவாவ சொன்னது வேற: காலமும் படைக்கப்பட்ட சரக்குதான், அதப் படைக்குததுக்கு முந்தி "முந்தி"ன்னே ஒண்ணு கெடையாது. அதாவது, மரத்தையும் மீனையும் உண்டாக்குன மாதிரிதான் நேரத்தையும் உண்டாக்கியிருக்காரு. உண்டாக்குனவரு ஒருத்தரு, டைம் மேனேஜ்மெண்ட்டு வகுப்புக்குப் பணம் கட்டுதவன் நீ.

ஆதியாகமத்தோட முதல் அதிகாரத்த நிதானமாப் படி. ஒவ்வொரு நாளையும் சாயங்காலத்துல தொடங்கி விடியக்காலத்துல முடிச்சிருக்கும். நாளு பொறக்குதது பொழுது சாயும்போது. யூதமாருக்கு ஓய்வுநாளு இன்னைக்கும் வெள்ளிக்கிழம சாயங்காலம்தான் தொடங்குது. மனுசன் நாள் ஆரம்பிச்ச ஒடனே பாய விரிச்சுப் படுக்கான். எந்திரிச்சு வரும்போது பாதி நாளு போயிருக்கும், நம்ம ஒத்தாசை இல்லாமலே. நீ தரமணியில அமெரிக்காக்காரன் நேரத்துக்கு ராத்திரி முழுக்க முழிக்க. "நான் இல்லேன்னா அந்த புராஜெக்டே நின்னுரும்"ங்குத. சூரியன நீதான் இழுத்துட்டு வாரியோன்னு எனக்குச் சந்தேகம்.

நம்ம ஆளுகளோட கல்யாணப் பத்திரிகையப் பாத்துருக்கியா? "தேவ சித்தமானால் சரியாக மாலை 6.00 மணிக்கு." தேவனுக்குச் சித்தம்னா மட்டும் போதாது, சரியா ஆறு மணிக்குச் சித்தமாகணும். அப்படி அச்சடிச்சிட்டு மாப்பிள வீட்டாரு ஏழேகாலுக்கு வந்து எறங்குவாவ.

உன்னைய மாதிரி ஆளுகளுக்கு யாக்கோபு நிருபத்துலயே எழுதி வச்சாச்சு. இன்னைக்கோ நாளைக்கோ இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருசம் தங்குவோம், வியாபாரம் பாப்போம், லாபம் எடுப்போம்னு பேசுத ஆளுகள அவரு பிடிபிடின்னு பிடிச்சிருக்காரு. ஆன்சைட்டு போறத அவருக்கு அப்பமே யாரு சொன்னான்னு தெரியல்ல.

சரி, ஊருக்கு வருவோம். இந்த மயிலாப்பூரு மாடவீதியில திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒரு தேதி சொல்லும், வாக்கியப் பஞ்சாங்கம் வேற தேதி சொல்லும். சனிப்பெயர்ச்சி என்னைக்குன்னு அடுத்த வீட்டு மாமாவும் மேல்வீட்டு மாமாவும் மோதிக்குவாவ. நீ கெடந்து சிரிக்க. சிரிக்காதலே. நம்ம வேதக்காரன் அடிச்ச கூத்து இதே ஊருல தான் நடந்துச்சு.

போப்பு பதிமூணாம் கிரகோரி 1582ல காலண்டரத் திருத்துனாரு. அக்டோபர் 4க்கு அடுத்த நாளு அக்டோபர் 15. போர்த்துக்கீசியமாரு கத்தோலிக்கரு, அந்த வருசமே ஏத்துக்கிட்டாவ. இங்கிலாந்துக்காரன் போப்பு சொல்லிச் சூரியன் உதிச்சாக்கூட ஒத்துக்கிடமாட்டான், பழைய காலண்டரையே கட்டிக்கிட்டு அழுதான். இப்பம் கணக்குப் பாரு. சாந்தோம்ல போர்த்துக்கீசியன். 1639ல இடம் வாங்கி அங்கன கோட்டை கட்டுனவன் இங்கிலீஷ்காரன். நடுவுல மூணு நாலு மைலு மணலு. சாந்தோம்ல கிறிஸ்துமஸ் மணி அடிக்குதப்பம் கோட்டையில டிசம்பர் 15. ரெண்டு பேருக்கும் ஒரே வேதம், ஒரே கடலு, ஒரே கொசு. தேதி மட்டும் பத்து நாள் வித்தியாசம். இன்னொண்ணு கேளு. இங்கிலாந்துச் சட்டப்படி அப்பம் புது வருசம் பொறக்குதது மார்ச் 25. அதனால தையி, மாசி மாசத்துல சாந்தோம்ல 1650ன்னா கோட்டையில 1649. ஒருத்தன் காலையில குதிரையில ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள போன வருசத்துக்குப் போயிரலாம்.

கடைசியில 1752ல இங்கிலீஷ்காரன் எறங்கி வந்தான். செப்டம்பர் 2க்கு அடுத்த நாளு செப்டம்பர் 14ன்னு சட்டம் போட்டான். நடுவுல பதினோரு நாளக் காணும். அந்தப் பதினோரு நாளுல எவன் பொறந்திருப்பான், எவன் கடன் தவணை கட்டியிருப்பான்? பரலோகத்துல புஸ்தகம் எழுதுத தூதன் அந்தப் பக்கத்தக் கிழிச்சிருக்கமாட்டான்னுதான் நான் நெனைக்கேன்.

நாளு போச்சா, அடுத்து மணி. நுங்கம்பாக்கத்துல வானிலை ஆபீஸ் இருக்குல்ல, அந்த வளாகத்துல 1792ல கும்பினியார் கட்டுன நட்சத்திர பங்களாவோட கல்தூண் ஒண்ணு இன்னமும் நிக்கி. அந்த எடத்த வச்சுத்தான் மதராஸ் டைம்னு ஒண்ணு கணக்குப் பண்ணுனாவ. கிரீன்விச்சுக்கு அஞ்சு மணி இருபத்தோரு நிமிசம் முந்தி. தேசம் முச்சூடும் ரயிலு ஓடுனது ரொம்ப நாளா இந்த மணிக்குத்தான். 1906 சனவரி 1ல இந்திய நேரம்னு அஞ்சரை மணிக் கணக்கு வந்துது, ஒரு ஒன்பது நிமிசத்த முழுங்கிட்டுது. ஆக, டிசம்பர் 31 ராத்திரி நீங்க வாட்ச் நைட் ஆராதனையில பன்னெண்டு அடிச்ச ஒடனே "ஹேப்பி நியூ இயர்"னு கட்டிப்பிடிச்சு அழுவுதியள்லா, பழைய மதராஸ் டைம்படி அப்பம் பழைய வருசத்துல ஒன்பது நிமிசம் பாக்கி. பாவ அறிக்கைய அந்த மீதி நேரத்துல செய்யலாம். ஆனா அந்த நேரத்துலதான் எல்லாரும் வாக்குத்தத்த அட்டை எடுக்க முண்டுதியோ. பிடிக்காத வசனம் வந்தா மடிச்சு உள்ள போட்டுட்டு வேற எடுத்தது யாருன்னு நான் சொல்லமாட்டேன்.

ராகுகாலம் நமக்குக் கெடையாது, சரிதானே? போன தடவை உங்க பெரிய மாமா அடையாத்துல பிளாட்டு வாங்கி பிரதிஷ்டை ஜெபம் வச்சாவ. சனிக்கிழம காலையில ஒன்பதரைக்கு வாரேன்னு பாஸ்டர் ஐயா சொல்லுதாவ. இல்லையா, பத்தே முக்காலுக்கு வையுங்கன்னு மாமா ஒத்தக்கால்ல நிக்காவ. ஏன்னா டிராபிக்காம். சனிக்கிழம ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் மட்டும் வார அந்த டிராபிக்குக்கு என்ன பேருன்னு பக்கத்து வீட்டு மாமிகிட்ட கேட்டேன். பட்டுன்னு சொல்லிட்டாவ. நாளையும் மாசத்தையும் காலத்தையும் வருசத்தையும் பாத்துக்கிட்டு இருக்கியளேன்னு பவுலு கலாத்தியருக்கு எழுதுனாரு. அடையாத்துக்கு எழுதத் தபால்தலை பத்தல போல.

சும்மா சிரிக்காத, இந்த எடம் முக்கியம். எசேக்கியா ராசா கதை தெரியும்லா? சாவப்போற, வீட்ட ஒழுங்குபண்ணுன்னு ஏசாயா வந்து சொல்லுதாரு. ராசா சுவத்துப் பக்கம் திரும்பி அழுதான். கர்த்தர் மனசு எரங்கிப் பதினஞ்சு வருசம் கூட்டிக் குடுத்தாரு. அடையாளத்துக்குச் சூரியக் கடியாரத்துல நெழலு பத்துப் பாகை பின்னால போச்சு. இத எல்லா உபதேசியாரும் பிரசங்கம் பண்ணுவாவ. அந்தப் பதினஞ்சு வருசத்துல அவன் என்ன செஞ்சான்னு யாரும் சொல்லமாட்டாவ. பாபிலோன்ல இருந்து நலம் விசாரிக்க வந்தவன்கிட்ட பொக்கிசசாலை முழுக்கத் தெறந்து காட்டிப் பெருமை அடிச்சான். அவன் செத்தப்பம் பட்டத்துக்கு வந்த மவன் மனாசேக்குப் பன்னெண்டு வயசு. பதினஞ்சுல பன்னெண்டக் கழி. ஆமா, கெஞ்சி வாங்குன வருசத்துலதான் அவன் பொறந்திருக்கான். யூதாவ ஆண்டதுல அவன மாதிரி மோசமான ராசா இல்ல, அம்பத்தஞ்சு வருசம் ஆண்டான். கூடுதலா நேரம் கெடைச்சா எல்லாம் சரியாயிரும்ங்குதவனுக்கு இந்தக் கணக்க நான் எழுதிக் குடுப்பேன். மெத்தூசலா 969 வருசம் இருந்தாரு. பிள்ளை பெத்தாரு, செத்தாருங்குததத் தவிர அவரப் பத்தி எழுத அங்க ஒண்ணுமில்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு, முடிவு என்னைக்குன்னு கணக்குப் போடுத கூட்டம். அந்த நாள் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும், குமாரனுக்கும் தெரியாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாததத் தெரிஞ்சுக்கிட்ட மேதாவி வில்லியம் மில்லர்: 1844ன்னாரு. ஹெரால்டு கேம்பிங்: 2011 மே 21ன்னாரு. மே மாசம் ஒண்ணும் நடக்கல்ல, அக்டோபர் 21க்கு ஒத்தி வச்சாரு. சினிமா ரிலீஸ் தேதி மாதிரி. இந்த ஆளுகளோட வாட்ஸப்பு உனக்கு வந்தா எனக்கு அனுப்பாத.

அப்பம் வேதம் நமக்கு என்னதான் குடுக்குதுன்னா, இன்னைக்குங்குத ஒண்ணுதான். மன்னா எறங்குனப்பம் நாளைக்குன்னு எடுத்து வச்சவன் பானையில புழு. எங்க ஊருல பனை குத்தகை எடுப்பாவ. மரம் ஒடையவனுது, பருவம் மரத்துது. ஏறுதவனுக்கு உள்ளது இன்னைக்குக் காலையும் மாலையும் பாளை சீவுத வேலை மட்டும். நேத்து சீவல்ல, அதுக்குச் சேத்து நாளைக்குச் சீவுதேன்னா பாளை காஞ்சு போயிருக்கும், பதனி ஒரு சொட்டு வராது. பிளானர் புஸ்தகம் எத்தனை கலருல வாங்குனாலும் பாளைக்கு வாசிக்கத் தெரியாது.

இதக் கேட்டு ஒடனே ஓடியாடாத. ஏன்னா ஒடையவரு கணக்கே கோணல். திராட்சத் தோட்டக்காரன் கதையில காலையில ஒரு செட்டு, ஒன்பதுக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு செட்டுன்னு ஆளு எடுக்கான். ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரே கூலி. உங்க ஆபீஸ்ல டைம்ஷீட்டு நெரப்பாட்டா சம்பளம் நிக்கும்ங்குத. இவரு கம்பெனியில டைம்ஷீட்டே இல்ல. வெயில்ல காஞ்சவன் மொணங்குனான். நானும் மொணங்கியிருப்பேன், பொய் எதுக்கு. ஆனா அஞ்சு மணி வரைக்கும் எவனும் கூப்பிடாம முக்குல நின்னவன் வீட்டுலயும் அடுப்பு எரியணும்லா.

இந்த ஊருக்கு வாய்ச்ச அப்போஸ்தலனும் அப்படி ஒரு ஆளுதான். தோமா கி.பி. 52ல கேரளத்துல எறங்கி, 72 வாக்குல இந்தப் பக்கம் உயிர விட்டதா மரபு. அவரு கல்லறை மேல சாந்தோம் கோயிலு நிக்கி. அவரு எப்படிப்பட்டவரு? உயிர்த்தெழுந்த அன்னைக்குச் சாயங்காலம் ஆண்டவர் வந்தாரு, எல்லாரும் இருந்தாவ, தோமா மட்டும் ஆளு இல்ல. எங்க போனாருன்னு யோவான் எழுதல்ல. கத்தோலிக்கமாரு இன்னொரு கதையும் சொல்லுவாவ, அது வேதத்துல கெடையாது: மாதா அடக்கத்துக்கும் இந்தியாவுல இருந்து போன தோமாதான் பிந்தி வந்தாராம். அவரு பாக்கணும்னு கல்லறையத் தெறந்தப்பம்தான் அது வெறுமையா இருந்தது தெரிஞ்சுதாம். அவருக்குன்னு மேல இருந்து விழுந்த கச்சைய இத்தாலியில பிராத்தோங்குத ஊருல இன்னமும் வச்சிருக்காவ. அவரு திருநாளக்கூட ரோமாபுரி 1969ல டிசம்பர் 21ல இருந்து ஜூலை 3க்குத் தள்ளிருச்சு. பிந்துதது அவருக்கு ராசி.

ஆனா யோவான் எழுதுனதக் கவனி. எட்டு நாள் கழிச்சு, பூட்டுன வீட்டுக்குள்ள, ஆண்டவர் மறுபடியும் வந்தாரு. மத்தவாளுக்கு ஒருதரம் வந்தாச்சு. இந்தத் தடவை வந்தது பிந்துன ஒருத்தருக்காக. கைய நீட்டு, விரலப் போடுன்னாரு, ஏன் போன வாரம் வரல்லன்னு ஒரு வார்த்தை கேக்கல்ல. நானாருந்தா கேட்டிருப்பேன். எங்க ஊருல மூணாம் மணிக்குப் பொறவு வாரவன வாசல்லயே நிறுத்திக் கேட்டிருக்கேன், அது என் உத்தியோகம்.

இதக் கேட்டதும் உன் மொகத்துல ஒரு வெளிச்சம் வருதே, எனக்குத் தெரியும்லே அது எதுக்குன்னு. ஞாயித்துக்கிழம காணிக்கைப் பாட்டுக்கு உள்ள நுழையுத ஆளு, "தோமா கூட பிந்தித்தான் வந்தாரு தாத்தா"ன்னு என்கிட்டயே திருப்பலாம்னு பாக்க. தோமா தவறவிட்டது ஒரு வாரம், அடுத்த வாரம் முன்கூட்டியே போயி அந்த வீட்டுக்குள்ள உக்காந்திருந்தாரு. உனக்கு ஈஸ்டர் விட்டா கிறிஸ்துமஸ். போ, உன் கடியாரம் மறுபடியும் மூச்சு விடச் சொல்லுது, விட்டுட்டுக் கெளம்பு.