குளிக்கும் மரம்

கேள்வி: வாகை மரத்தில் ரேஸர் கைப்பிடி கடைந்திருக்கிறேன். அரக்கு பாலிஷ் போடலாமா, வீட்டு விளக்கெண்ணெயே போதுமா?
– வாசகர், தம்மம்பட்டி

பதில்: உங்கள் ஊரில் வாகையில் செதுக்கும் சிலை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும், உங்கள் கைப்பிடியோ தினமும் குளிக்கும். அரக்கு தேங்கிய ஈரத்தில் வெளுக்கும், ஸ்பிரிட்டில் கரையும். சவரம் முடித்துக் கையில் ஊற்றும் ஆஃப்டர்ஷேவில் இருப்பதும் ஆல்கஹால்தான். சென்னபட்டணா பொம்மைகளில் அரக்கு காலங்காலமாக நிற்கிறதே என்பீர்கள். அவற்றை யாரும் வெந்நீரில் முக்குவதில்லை. சேலம், நாமக்கல் காடுகளில் விளையும் ஆமணக்கின் எண்ணெயான விளக்கெண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றில் உலர்ந்து படலமாகாதவை. எத்தனை நாள் தேய்த்தாலும் பிசுபிசுப்பும் தூசியும்தான் மிஞ்சும். தொழிற்சாலையில் நீரகற்றிய ஆமணக்கெண்ணெய் உலரும், பெயின்ட்டிலும் சேர்கிறது. ஆனால் மளிகைக்கடைப் புட்டியில் இருப்பது அதுவல்ல.

எனவே ஆளிவிதை எண்ணெய், அதுவும் பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய வகை. அது ஆக்சிஜனை இழுத்து இறுகும். மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. பாலியூரித்தேன் வார்னிஷ் தண்ணீரை இன்னும் நன்றாகத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் உலோகம் சேரும் விளிம்பில் அது ஒருமுறை பெயர்ந்தால் ஈரம் அடியில் புகும், முழுதும் சுரண்ட வேண்டும். எண்ணெய்ப் பூச்சு மங்கினால் மறுபடி தடவினால் போதும். மரத்தின் வெட்டுமுனையும் திருகுத் துளையும்தான் அதிகம் உறிஞ்சும். அங்கே இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.