நெய்யரியும் எக்ஸ்எஸ்எல்டியும்: ஒரு மொய் ஏட்டை முன்வைத்து

கடை மாணாக்கர்க்கு நன்னூலார் சொன்ன உவமைகளுள் நெய்யரியும் ஒன்று. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பன்னாடை அது. உரைகாரர்கள் இதை வசையாக மட்டுமே கொண்டனர். எக்ஸ்எஸ்எல்டி மொழியின் உள்ளமைந்த விதிகளையே பவணந்தியார் குறித்தார் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். அவரைப் புரந்த சீயகங்கன் காலத்தில் எக்ஸ்எம்எல் ஏது எனின், இல்லாமையால்தான் அவர் உவமையோடு நிறுத்திக்கொண்டார் என்க. எக்ஸ்எம்எல் 1998-இல் வந்தது. அதை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி 1.0, ஜேம்ஸ் கிளார்க்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1999 நவம்பரில் வந்தது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுத் தாமதம் ஆய்வுலகில் பெரிதன்று.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஏடு, என் சித்தப்பா மகன் கல்யாணத்தில் கணினியில் எக்ஸ்எம்எல்லாக எழுதிய மொய்க் கணக்கு. அதில் ஊர், ஊருக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆள், ஆளுக்குள் பெயரும் உறவும் தொகையும். ஊர்ப்பெயர் மட்டும் அட்ரிபியூட்டாக நெற்றியில் ஒட்டியிருக்கும். சித்தி கேட்டது இவ்வளவுதான்: “ஏம்ப்பா, ஐந்நூத்தியொண்ணுக்குக் கீழே எழுதினவங்களை எடுத்துட்டு மிச்சத்தை பிரிண்ட் போட்டுக் குடு.”

முதற்கண் ஒரு விதியும் எழுதாத வெற்று ஸ்டைல்ஷீட்டை ஓட்டினேன். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்றும் வராது என்பது உலக வழக்கு. இங்கோ எல்லாம் வந்தன. குறிச்சொற்கள் உதிர்ந்து, ஊர்ப்பெயர்கள் மறைந்து, பெயரும் தொகையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாக வடிந்தன. உறுப்பைக் கண்டால் உள்ளே இறங்கு, எழுத்தைக் கண்டால் கொட்டு. இவ்விரண்டும் நாம் எழுதாமலே அமலில் இருக்கும் விதிகள். அட்ரிபியூட்டை இவை தாமாக எட்டிப் பார்ப்பதில்லை. யார் எந்த ஊர், எந்த வீடு என்னும் நெய் போயிற்று, கசடு நின்றது. பவணந்தியார் வென்றார்.

ஆகவே இம்மொழியில் ஒருவரை நீக்க விரும்புவோன் முதலில் எல்லாரையும் வைத்துக்கொள்ளக் கற்க வேண்டும். எதிர்ப்பட்டதை அப்படியே படியெடுத்து, அதன் அட்ரிபியூட்டுகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதையே செய் என்பது பொதுவிதி. பிறகு சிறப்புவிதி: தொகை 501-க்குக் குறைந்த ஆளுக்கு ஒரு வெற்று டெம்ப்ளேட். அதற்குள் ஒரு சொல்லும் இராது. அந்த மௌனமே நீக்கம். பொதுவிதியைச் சிறப்புவிதி வெல்லும் என்பதற்கு மதிப்பெண்ணே உண்டு: எதற்கும் பொருந்துவதற்கு −0.5, பெயர் சொன்னால் 0, நிபந்தனையும் சேர்த்தால் 0.5. நம் இலக்கணிகள் இதை மதிப்பெண் போடாமலே நடத்தினர். சோம்பேறிகள் படியெடுக்க காப்பி-ஆஃப் என்பதை எடுப்பர். அது மாப்பிள்ளை வீட்டு வேன் மாதிரி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் மொத்தமாக இறக்கிவிடும். சிறப்புவிதிக்கு வேலையே இராது.

ஆட்கள் போயினர், ஆளற்ற குடும்பங்கள் வெறும் வாசல்களாக நின்றன. விதிகள் பார்ப்பது மூல ஏட்டையே அன்றி வடிகட்டிய விளைவை அன்று. எனவே ‘501-உம் அதற்கு மேலும் எழுதிய ஆள் இல்லாத குடும்பம்’ என்று தனியே ஒரு விதி, ஊருக்கும் அதுபோல் ஒன்று.

இதற்குள் சித்தி, “மாமன்மாரை மட்டும் எடுத்துடாதே” என்றார். ‘உறவு != மாமன்’ என எழுதிக் கெட்டேன். ஒருவர் மாமனும் சம்பந்தியுமாக இருந்தால், அவருடைய உறவுகளுள் ஏதோ ஒன்று மாமன் அல்லாததாயினும் போதும், இந்நிபந்தனை மெய்யாகிவிடும், மாமன் அவுட். உறவே குறிக்காதவரிடமோ ஒப்பிட ஒன்றுமில்லை. நூறு ரூபாயோடு அவர் தப்பிவிட்டார். ‘உறவு = மாமன்’ என எழுதி, அதை நாட் என்னும் அடைப்புக்குள் வைப்பதே முறை. இத்திருத்தத்தைக் குடும்ப விதியிலும் ஊர் விதியிலும் மறவாது செய்க.

அச்சிட்ட தாளைச் சித்தி ஒருமுறை பார்த்தார். “அஞ்சாயிரம் எழுதின காரைக்குடிக்காரவுக எங்கே?”

ஏட்டில் அது ‘5,001’ என்றிருந்தது. 1.0 பதிப்பின் கண்ணுக்குக் காற்புள்ளியிட்ட தொகை எண்ணே அன்று. எண் அல்லாதது 501-ஐவிடக் குறைவும் அன்று, கூடுதலும் அன்று. குறைவன்று ஆதலால் ஆள் விதி அவரைத் தொடவில்லை. கூடுதலன்று ஆதலால் குடும்ப விதி வீட்டோடு பெயர்த்து எறிந்தது. ஆயிரமும் அதற்கு மேலும் எழுதியவர்களுக்கே காற்புள்ளி வாய்க்கும். டிரான்ஸ்லேட் என்னும் செயற்கூறால் காற்புள்ளியைத் துடைத்த பிறகே காரைக்குடி திரும்பியது.

மொய் எழுத உட்காரும் அன்பர்கள் தொகையில் காற்புள்ளி இடாதிருக்க வேண்டுகிறேன்.